மலையில கைத்தறி ஆரம்பிக்கறவங்களுக்கு: பாவு போடறதுலருந்து துவைச்சு காயவைக்கற வரைக்கும்

ஸ்வெட்டர், குல்லா, குரோஷான்னு பின்னிப் பழகி, மிச்ச நூல் உருண்டைங்க பீரோவுக்குள்ள சேந்துகிட்டே போய், இப்ப சின்னதா ஒரு தறி வாங்கி நெய்து பாக்கலாமான்னு யோசிக்கற ஊட்டி, குன்னூர், கோத்தகிரி ஆளுங்களுக்காக இத எழுதறேன். சமவெளியில இருக்கறவங்களுக்கும் உதவும், ஆனா நம்ம ஊர் மூடுபனியும் ஐஸ் மாதிரி குழாய்த் தண்ணியும் இந்த வேலையில எங்கெங்க குறுக்க வரும்ங்கறத மனசுல வச்சுதான் சொல்லப் போறேன்.

ஒரு விஷயத்த முதல்லயே சொல்லிடறேன். புதுசா வர்றவங்க எல்லாருக்கும் ஆசை நடுவுல இருக்கற வேலை மேலதான், அதாவது ஊடைய (குறுக்க போற நூல) இப்படியும் அப்படியும் விட்டு நெய்யறது. அது அரைமணி நேரத்துல கை பழகிடும். துணி நல்லா வருதா இல்லையான்னு தீர்மானிக்கறது அதுக்கு முன்னாடி நீங்க பாவு (தறியில நீளவாக்குல இழுத்துக் கட்டற நூல்) போடற விதமும், தறியிலருந்து வெட்டி எடுத்த பிறகு பண்ற முடிப்பு வேலையும்தான். தறிய விட்டு எறங்கறப்ப அது இன்னும் துணியே ஆகல, குறுக்கும் நெடுக்குமா கெடக்கற நூல், அவ்வளவுதான். தண்ணியில விழுந்து இழைங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உக்காந்த பிறகுதான் துணி. இத புரிஞ்சுகிட்டவங்க தறியில கொஞ்சம் இடைவெளி விட்டு நெய்யறதுக்குப் பயப்பட மாட்டாங்க, புரியாதவங்க இறுக்கி இறுக்கி அடிச்சு கடைசில ஸ்கார்ஃப் பலகை மாதிரி விறைச்சு நிக்கும்.

எந்தத் தறி

சிறுமுகைலயோ சென்னிமலைலயோ பாக்கற குழித்தறி மாதிரி பெருசு நமக்கு வேண்டாம். மேஜை மேல வச்சு நெய்யற ரிஜிட் ஹெடில் லூம்னு ஒண்ணு இருக்கு, அதத்தான் நான் எல்லாருக்கும் சொல்றது. பெரிய தறியில அச்சு (ஊடைய அழுத்தற சீப்பு) தனி, விழுது (பாவு இழைய தூக்கற கயிறு) தனி, மிதிக்கறதுக்கு மிதி வேற இருக்கும், இதுல அச்சும் விழுதும் சேந்து ஹெடில்னு ஒரே பிளாஸ்டிக் சட்டம், அதுல ஒரு நீளப் பிளவு, ஒரு சின்ன ஓட்டை, மறுபடி பிளவு, மறுபடி ஓட்டைன்னு வரிசையா இருக்கும். சட்டத்த மேல தூக்கினா ஓட்டையில இருக்கற இழைங்க மட்டும் மேல போகும், கீழ இறக்கினா கீழ போகும், பிளவுல இருக்கறது அங்கயே நிக்கும். நடுவுல கிடைக்கற வழியில ஊடைய விட்டா நெசவு. முழு சூத்திரமும் இவ்வளவுதான்.

நியூசிலாந்து ஆஷ்ஃபோர்ட், போலந்து க்ரோம்ஸ்கி, அமெரிக்காவோட ஷாக்ட், இந்த மூணு பேரும் நல்ல தறி செய்யறாங்க, நம்ம நாட்டுலயும் மரவேலை தெரிஞ்சவங்க இதே மாதிரி செஞ்சு விக்கறாங்க. எதுவானாலும் அகலம் 40 செ.மீ. போதும். 25 செ.மீ. வாங்கினா சின்ன ஸ்கார்ஃபோட நின்னுடுவீங்க, 80 வாங்கினா ஹில் ஸ்டேஷன் வீட்ல அத வைக்க இடம் தேடணும், கையும் அவ்வளவு தூரம் எட்டாது. ஆஷ்ஃபோர்ட்ல 7.5 ஹெடில் கூடவே வரும், அதாவது ஒரு இன்ச்சுக்கு ஏழரை இழை, ஸ்வெட்டர் நூலுக்கு அது சரியா இருக்கும். மரம் பூச்சு இல்லாம பச்சையா வந்துச்சுன்னா மாட்டறதுக்கு முன்னாடியே மெழுகோ வார்னிஷோ ஒரு கை போட்டுடுங்க, இங்க இருக்கற ஈரத்துக்கு மரம் ஊதினா பாவு சுத்தற உருளையோட பல் சக்கரம் இறுகிப் போகும்.

கூட என்னென்ன வேணும்னா: நூல் சுத்தற தட்டையான குச்சி ரெண்டு, கூர் இல்லாத மழுங்கின ஊசி, நல்ல கத்தரி, இன்ச் டேப், பாவு சுத்தறப்ப நடுவுல வைக்க பிரவுன் பேப்பர். நியூஸ்பேப்பர் வேண்டாம், மை நூல்ல ஏறும். குஞ்சம் முறுக்கற ஒரு சின்ன கைக்கருவி, ஃப்ரிஞ்ச் ட்விஸ்டர்னு விக்கறாங்க, அத பத்தி கீழ சொல்றேன்.

நூல்

முதல் துணிக்கு வழவழன்னு, பிசிறு இல்லாத, டிகே தடிமன் (ரொம்ப மெல்லிசும் இல்லாம தடிசும் இல்லாம) கம்பளி நூல் எடுங்க. பாவுக்கு ஒரு கலர், ஊடைக்கு வேற ஒரு கலர், ரெண்டும் வெளிர் நிறமா. அப்பதான் எங்க இழை தாண்டிச்சு, எங்க விட்டுப்போச்சுன்னு கண்ணுக்குத் தெரியும். மொஹேர் மாதிரி முடி முடியா இருக்கறத பாவுல போடாதீங்க, ஹெடில தூக்கி இறக்கறப்ப பக்கத்து இழையோட பின்னிக்கும். கடையில “வுல்”னு சொல்லி தர்ற நிறைய உருண்டை அக்ரிலிக்தான், அதனால லேபிள படிங்க. அக்ரிலிக்ல நெய்யக்கூடாதுன்னு இல்ல, நெய்யலாம், ஆனா முடிப்பு வேலை முழுக்க வேற மாதிரி.

பாவு இழை தாங்குமான்னு பாக்க, ஒரு முழம் எடுத்து ரெண்டு கையாலயும் வெடுக்குனு இழுங்க. அறுந்தா அது ஊடைக்கு மட்டும். சாண்டிநல்லாவுல இருக்கற ஆடு ஆராய்ச்சி நிலையம் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க, நீலகிரி செம்மறியோட மெல்லிசான ரோமத்துக்கு பேர் போனது. அந்த மாதிரி மெல்லிசு ரோமத்த கையால நூத்து ஒத்தை இழையா வச்சிருந்தா, அத முதல் பாவுல போட்டு வீணாக்காதீங்க, ஊடையா விடுங்க, அழகா பூத்து வரும்.

கோயமுத்தூர், ஈரோடு பக்கம் கிடைக்கற கோன் நூல் பத்தியும் ஒரு வார்த்தை. 2/20னு (20ஆம் நம்பர் நூல் ரெண்ட சேத்து முறுக்கினது) போட்டிருந்தா அது 7.5 ஹெடிலுக்கு ரொம்பவே மெல்லிசு. 12.5 ஹெடில் வாங்கி, மூணு நாலு இழைய ஒண்ணா சேத்துப் போட்டா நல்ல கைத்துண்டு வரும். ரெண்டாவது மூணாவது முயற்சிக்கு வச்சுக்கோங்க.

கையில இருக்கற நூலுக்கு எந்த ஹெடில்னு தெரியலன்னா ஒரு ஸ்கேல் மேல நூல நெருக்கமா ஆனா அமுக்காம சுத்துங்க. ஒரு இன்ச்ல எத்தனை சுத்து வருதோ அதுல பாதிதான் இன்ச்சுக்கு வேண்டிய இழை. 15 சுத்து வந்தா ஏழரை. நடுவுல ஊடைக்கும் இடம் வேணும்ல, அதான் பாதி.

கணக்கு

இத பேப்பர்ல எழுதாம தறிய தொடாதீங்க. பாவு நீளம் குறைஞ்சா ஒட்டுப்போட வழியே கிடையாது.

முடிஞ்ச ஸ்கார்ஃப் 60 இன்ச் நீளம், 7 இன்ச் அகலம் வேணும்னு வைங்க. நெய்யறப்ப இழை மேலயும் கீழயும் வளைஞ்சு போறதுல கொஞ்சம் நீளம் போகும், துவைக்கறப்ப இன்னும் கொஞ்சம் சுருங்கும், ரெண்டுக்கும் சேத்து 15 சதவீதம் போட்டா 69 இன்ச். முன்னாடி கட்டற முடிச்சு, பின்னாடி நெய்ய முடியாம நிக்கற பகுதி, இதுக்கு 20 இன்ச், குஞ்சமும் இதுலயே வந்துடும். ஆக 89, கூடப்போட்டு 90 இன்ச், கிட்டத்தட்ட 2.3 மீட்டர். அகலம் சுருங்கும்ங்கறதால தறியில 8 இன்ச் போடணும், 8 தடவ 7.5, அறுபது இழை. 60 தடவ 2.3 மீட்டர், பாவுக்கு 138 மீட்டர். ஊடைக்கு 69 இன்ச்ல இன்ச்சுக்கு ஏழரை வரிசைன்னா 518 வரிசை, ஒவ்வொண்ணும் 8 இன்ச், சுமார் 105 மீட்டர், ஓரத்துல வளையறதுக்கு பத்து சதவீதம் சேத்து 115. டிகே நூல் 100 கிராம்ல பொதுவா 200 மீட்டருக்கு மேல இருக்கும், அதனால கலருக்கு ஒரு 100 கிராம் வாங்கினா தாராளம்.

பாவு போடறது

தறிய மேஜையில கிளாம்ப் போட்டு அசையாம நிறுத்துங்க. அதுக்கு நேர் எதிர்ல 2.3 மீட்டர் தள்ளி இன்னொரு மேஜையிலயோ வராண்டா பெஞ்சுலயோ பாவுக் கட்டைய (பாவு வளையங்கள மாட்டற கட்டை) இறுக்குங்க. தூரத்த தறியோட பின்பக்கக் கம்பிலருந்து அளக்கணும், ஹெடில்லருந்து இல்ல.

நூல் முனைய பின்பக்கக் கம்பியில கட்டி, கொக்கி ஊசிய பிளவு வழியா விட்டு நூல ஒரு வளையமா இழுங்க, அந்த வளையத்த நடந்து போய் எதிர்க் கட்டையில மாட்டுங்க. திரும்பி வந்து நூல கம்பிய சுத்தி அடுத்த பிளவுல இன்னொரு வளையம், இப்படி கம்பிக்கு மேல ஒருதரம் கீழ ஒருதரம்னு மாறி மாறி வரணும். பிளவுல மட்டும்தான் விடறோம், ஓட்டைய இப்ப தொட வேண்டாம். ஒரு வளையத்துக்கு ரெண்டு இழை, அதனால 30 பிளவு, ஹெடிலோட நடுப்புள்ளிலருந்து ரெண்டு பக்கமும் 15 வர்ற மாதிரி ஆரம்பிங்க. எல்லா வளையமும் ஒரே இழுப்புல இருக்கணும், விறைப்பா வேண்டாம், தொங்கவும் கூடாது, இதுக்கு அவசரமில்லாத ஒரு மத்தியானம் வேணும், நடுவுல போன் எடுத்து பேசிட்டு வந்தா கை மாறிடும்.

முடிஞ்சதும் கட்டைகிட்ட வளையங்கள வெட்டி, கொத்தா ஒருத்தர பிடிச்சுக்கச் சொல்லுங்க. வீட்ல யாராவது ஒருத்தர் சீரா இழுத்துப் பிடிச்சிருக்க நீங்க பின் உருளைய சுத்தணும், ஒவ்வொரு சுத்துக்கும் பிரவுன் பேப்பர் உள்ள போகணும். பேப்பர் இல்லாம சுத்தினா மேல் அடுக்கு இழை கீழ் அடுக்குக்குள்ள புதைஞ்சு, சிலது தளர்ந்து சிலது இறுகி, நெய்ய நெய்ய அது பெருசாகிகிட்டே போகும், அப்புறம் என்ன பண்ணினாலும் சரியாகாது. முன்பக்கம் ஒரு முழம் தொங்கற அளவு வந்ததும் நிறுத்துங்க.

இப்பதான் ஓட்டை. ஒவ்வொரு பிளவுலயும் ரெண்டு இழை இருக்கும்ல, அதுல ஒண்ண எடுத்து பக்கத்து ஓட்டையில கோத்து விடுங்க, எல்லாத்துக்கும் ஒரே பக்கமா. அறுபதும் முடிஞ்சதும் ஹெடில மேல தூக்கி பாருங்க, கீழ இறக்கி பாருங்க, பக்கவாட்டுலருந்து பாத்தா ரெண்டு அடுக்கா சுத்தமா பிரியணும். அப்புறம் இன்ச்சுக்கு ஒரு கொத்துன்னு எட்டுக் கொத்தா முன் கம்பியில கட்டணும், நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்கு. முதல்ல பாதி முடிச்சு மட்டும், எல்லாம் கட்டினதும் உள்ளங்கைய மேல வச்சு தடவிப் பாத்து தளர்ந்தத இறுக்கி, அப்புறம் முழு முடிச்சு.

நெய்யறது

வேஸ்ட் நூல்ல ஒரு ரெண்டு இன்ச் நெய்து, கொத்து கொத்தா நிக்கற இழைங்கள சீரா பரப்புங்க. அது கடைசில பிரிச்சு எடுக்கப் போறதுதான். அதுக்கப்புறம் உங்க நிஜ ஊடை, ஆரம்பத்துல துணி அகலத்த போல நாலு மடங்கு வால் விடுங்க, ஓரத்தையலுக்கு வேணும்.

ஊடைய நேர்க்கோடா போடாதீங்க. ஒரு ஓரத்துலருந்து சரிவா மேல ஏத்தி விட்டு, அப்புறம் ஹெடில முன்னாடி கொண்டு வந்து அழுத்துங்க. அந்த சரிவுல கிடைக்கற கூடுதல் நீளம்தான் வளைஞ்சு போறதுக்கான நூல். நேரா இழுத்து விட்டா துணி உள்வாங்கி, எட்டு இன்ச் ஆரம்பிச்சது ஆறுல போய் நிக்கும், ஓர இழை தேஞ்சு அறுந்தும் போகும். அப்புறம் அழுத்தணும், அடிக்கக் கூடாது. பாவுக்கும் ஊடைக்கும் நடுவுல சின்னச் சின்ன சதுரமா வெளிச்சம் தெரியணும். இன்ச் டேப் வச்சு எண்ணுங்க, இன்ச்சுக்கு ஏழோ ஏழரையோ இருந்தா போதும். அந்த இடைவெளிய துவையல் பாத்துக்கும்.

இந்த சதுரம் ஏன் முக்கியம்னு புரியணும்னா நம்ம மலையிலயே பாடம் இருக்கு. தோடர் பெண்கள் பூத்துக்குளிங்கற சால்வையில போடற எம்பிராய்டரிய கிட்ட போய் பாருங்க, 2013ல புவிசார் குறியீடு வாங்கின வேலை அது. வெள்ளைத் துணியில சிவப்பும் கறுப்பும் கம்பளி நூல், பேப்பர்ல வரைஞ்சு வச்சோ அச்சு எடுத்தோ போடறதில்ல, இழைய ஒண்ணொண்ணா எண்ணி எண்ணி போடறது. துணிய அவங்க நெய்யறதில்ல, சமவெளி கைத்தறியிலருந்து வர்றது. பாவும் ஊடையும் ஒரே அளவு நெருக்கமா இல்லன்னா எண்ணிப் போடற கட்டம் ஒரு பக்கம் நீண்டுடும். அந்தத் துணிய வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா சமமான நெசவுன்னா என்னன்னு ஒரு நிமிஷத்துல கண்ணு கத்துக்கும். (அந்த டிசைன நம்ம துணியில காப்பி அடிச்சு தோடர் வேலைன்னு விக்கறது மட்டும் தயவுசெஞ்சு வேண்டாம், அது அவங்க சொத்து.)

புது நூல் சேக்கறப்ப முடிச்சு போடாதீங்க, பழசு புதுசு ரெண்டும் ஒரே வழியில ரெண்டு இன்ச் ஒண்ணு மேல ஒண்ணு படுத்தா போதும். நாள் முடிவுல பல் சக்கரத்த ஒரு பல் தளர்த்தி வைங்க, ராத்திரி ஈரத்துல நூல் ஒரு மாதிரியும் மறுநாள் வெயில்ல வேற மாதிரியும் இழுக்கும்.

ஓரத்தையலும் குஞ்சமும்

ஓரத்தையல தறியில இருக்கறப்பவே போட்டுடுங்க, இழைங்க விறைப்பா நிக்கறதால எண்ண சுலபம். ஆரம்பப் பக்கத்துக்கு ஒரு இன்ச் நெய்ததுமே, முடிவுப் பக்கத்துக்கு கடைசி வரிசைக்குப் பிறகு. அந்த நீள வால ஊசியில கோத்து, ஓரத்துலருந்து நாலு பாவு இழைக்கு அடியில விட்டு வெளிய எடுத்து ஒரு சுத்து சுத்துங்க. மறுபடி அதே நாலுக்கு அடியில விடுங்க, இந்தத் தடவ ஊசி முனைய ரெண்டு ஊடை வரிசை உள்ள தள்ளி துணி மேல குத்தி எடுத்து இழுங்க. அடுத்த நாலு. அறுபது இழைக்கு பதினஞ்சு கொத்து. ரெண்டு மூணு கொத்துலயே கைக்கு பிடிபட்டுடும்.

அப்புறம் வெட்டி எடுக்கலாம், ரெண்டு பக்கமும் குறைஞ்சது ஆறு இன்ச் விட்டு. வேஸ்ட் நூல பிரிச்சுட்டு, ஸ்கார்ஃப மேஜையில நேரா விரிச்சு மேல கனமான புத்தகம் ஏதாவது வைங்க. ஒரு கொத்துல நாலு இழைல்ல, ரெண்டு ரெண்டா பிரிச்சு ட்விஸ்டரோட ரெண்டு கிளிப்புலயும் மாட்டி, நூல் எந்தப் பக்கம் சுத்தினா இன்னும் இறுகுதோ அந்தப் பக்கமா சுத்துங்க, ரெண்டும் முறுக்கு ஏறி லேசா சுருள ஆரம்பிக்கற வரைக்கும். எத்தனை சுத்துன்னு முதல் குஞ்சத்துல எண்ணி வச்சுகிட்டு மிச்ச எல்லாத்துக்கும் அதே எண்ணிக்கை. அப்புறம் ரெண்டையும் சேத்துப் பிடிச்சு எதிர்ப்பக்கமா விட்டா தானாவே கயிறா திரிஞ்சுக்கும், முனையில ஒரு முடிச்சு. கருவி இல்லாம விரலாலயும் பண்ணலாம், ஆனா முப்பது குஞ்சம் ஒரே சீரா வரணும்னா அந்த சின்னக் கருவிக்கு செலவு பண்றது நியாயம்னு நான் நினைக்கறேன். முறுக்காம விட்டு துவைச்சா கம்பளி இழை அங்கயே சிக்குப் பிடிச்சு சடையாயிடும். அதனால குஞ்சம் முதல்ல, துவையல் அடுத்தது.

துவையல்

இதான் துணி பிறக்கற இடம். பக்கெட்ல கை பொறுக்கற வெதுவெதுப்புல தண்ணி, கொஞ்சம் மைல்டான லிக்விட் சோப்பு, ஸ்கார்ஃப முக்கி இருபது நிமிஷம் ஊற விடுங்க. உள்ளங்கையால அமுக்கி அமுக்கி விடுங்க, கசக்கவோ பிழியவோ கூடாது. ரோம இழையோட மேல்பக்கம் செதில் செதிலா இருக்கும், சூடும் ஈரமும் தேய்ப்பும் சேந்தா அந்த செதில்ங்க ஒண்ணுல ஒண்ணு மாட்டி துணி இறுகிக்கும். கொஞ்சமா நடந்தா நல்லது, அதுதான் இடைவெளிய மூடுது. நிறைய நடந்தா கெட்டியாகி சின்னதாயிடும், திரும்பி வராது. அதனால நடுநடுவுல எடுத்து வெளிச்சத்துல பாருங்க, சதுரம் மூடி இழை பூத்திருந்தா நிறுத்துங்க.

நம்ம ஊருக்கு முக்கியமான இடம் இது: அலசற தண்ணியும் அதே வெதுவெதுப்புல இருக்கணும். டிசம்பர் ஜனவரியில குழாயத் திறந்தா விரல் மரத்துப் போற தண்ணிதான் வரும், வெதுவெதுப்புலருந்து எடுத்து நேரா அதுல காட்டினா கம்பளிக்கு திடுக்குனு ஆகி சுருங்க வழி பண்ணும். முன்கூட்டியே ரெண்டாவது பக்கெட்டும் கலந்து வச்சுக்கோங்க. சூப்பர்வாஷ்னு லேபிள்ல இருந்தா இந்த பயமே இல்ல, செதில அடக்கின நூல் அது, ஆனா பூக்கறதும் கம்மிதான். அக்ரிலிக்குக்கு இந்த ஊறல் எல்லாம் பெருசா ஒண்ணும் பண்ணாது, சும்மா துவைச்சா போதும், அயர்ன் பாக்ஸ மட்டும் நேரா வைக்காதீங்க, சூட்டுல உயிர் போன மாதிரி தொளதொளன்னு ஆயிடும்.

அலசினத டர்க்கி டவல்ல வச்சு சுருட்டி மேல ஏறி மிதிங்க, தண்ணி டவலுக்குப் போயிடும். அப்புறம் இன்னொரு காய்ஞ்ச டவல் மேல படுக்க வச்சு, அளவு பாத்து, ஓரம் நேரா இருக்கற மாதிரி கையால தட்டி விடுங்க. கொடியில தொங்க விட்டா ஈர வெயிட்டுக்கு நீண்டுடும்.

காயறதுக்கு காலம் பாக்கணும். ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன்லருந்து செப்டம்பர் கஷ்டம், கோத்தகிரி குன்னூர் ஆளுங்களுக்கு அக்டோபர்லருந்து டிசம்பர் மழை. உறைபனிக் காலம் இதுக்கு நல்லது, காலைல புல்லெல்லாம் வெள்ளையா இருந்தாலும் பகல்ல நல்ல வெயில் அடிக்கும், காத்துல ஈரம் கம்மி. மழையில துவைச்சே ஆகணும்னா ரூமுக்குள்ள ஃபேன் போட்டு ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பி வைங்க, ஹீட்டர் பக்கத்துலயோ அடுப்பு மேலயோ வேண்டாம். இன்னொண்ணு, கம்பளி தன் எடையில 30 சதவீதம் வரைக்கும் ஈரத்த உள்ள வச்சுகிட்டும் தொட்டா காய்ஞ்ச மாதிரி காட்டும். கைய நம்பாம கன்னத்துல வச்சுப் பாருங்க, ஜில்லுனு இருந்தா இன்னும் ஈரம் இருக்கு, இன்னொரு நாள் போகட்டும்.

முழுசா காய்ஞ்ச பிறகு ஈரத்துணிய மேல போட்டு கம்பளி சூட்டுல அயர்ன் பண்ணுங்க, தேய்க்காம எடுத்து எடுத்து வைக்கணும். நீட்டிகிட்டு இருக்கற ஊடை வால்கள இப்பதான் வெட்டணும், துவைக்கறதுக்கு முன்னாடி வெட்டினா சுருங்கறப்ப உள்ள இழுத்துகிட்டு பிரியும். குஞ்சத்தையும் ஸ்கேல் வச்சு ஒரே நீளமா இப்பவே வெட்டிடுங்க. பீரோவுல வைக்கறப்ப பாலித்தீன் கவர்ல போடாம பருத்தித் துணியில சுத்தி, ரெண்டு துண்டு வசம்பு கூட வச்சு, மழைக்கு முன்னாடியும் மழை விட்ட பிறகும் ஒரு தடவ வெளிய எடுத்து உதறி காத்தாட போடுங்க.